திரிந்த டீயும் பதினான்கு தூண்களும்

போன வாரம், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். புதிதாகப் பெயின்ட் அடித்த இரும்புத் தூண், அதில் அம்மை போட்ட மாதிரிக் கொப்புளம். கீழே ஒரே ஒரு வரி: ‘மேடம், இது யார் தப்பு?’ எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்டிருந்தால் அன்றைக்கே இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். யார் என்று கேட்டுவிட்டதால் இவ்வளவு எழுத வேண்டியதாகிவிட்டது. அந்தத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், அதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான்.

என்னைப் பார்த்திராத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முப்பத்து மூன்று வருடம் தூத்துக்குடியில் பெயின்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெயின்ட் அடிக்கிறவள் இல்லை. அடிப்பதற்கு முன்னாலும் பின்னாலும் போய் நின்று, அளந்து பார்த்து, சரி என்றோ சரியில்லை என்றோ கையெழுத்துப் போடுகிறவள். ஊர் நாசரேத் பக்கம். எங்கள் வீட்டில் அம்மா, சித்தி, அக்கா எல்லோரும் பள்ளிக்கூட ஆசிரியைகள். நான் ஒருத்திதான் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு துறைமுகத்தில் ஏணி ஏறினேன். ‘பொம்பளப் புள்ளைக்கு இரும்புல என்ன சோலி’ என்று அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பெயின்டர்கள் எனக்கு ‘டீச்சர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். நாசரேத்திலிருந்து ஒரு பெண் கையில் நோட்டோடு வந்தால் வேறு என்னவாக இருப்பாள் என்பது அவர்கள் கணக்கு. கடைசிவரைக்கும் அந்தப் பேர்தான்.

நம் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் கதைக்குப் போகலாம். நம் ஊரில் இரும்பைத் துருப்பிடிக்காமல் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். காற்று எங்கிருந்து அடித்தாலும் உப்பை அள்ளிக்கொண்டுதான் வரும். வெளியூர் இன்ஜினியர்கள் வந்து பார்த்துவிட்டு, ‘இங்க எப்படி மேடம் எதுவும் நிக்குது?’ என்று கேட்பார்கள். நாங்கள் நிற்க வைக்கிறோம், அதனால் நிற்கிறது என்பேன். இப்போதும் துறைமுகச் சாலையில் பஸ்ஸில் போகும்போது, வெயிலில் பளிச்சென்று நிற்கிற கிரேன் ஒன்றைப் பார்த்தால் பக்கத்து சீட்டுக்காரியிடம் ‘இது நான் பார்த்தது’ என்று சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பாள். பார்க்கட்டுமே.

பெருமை இருக்க வேண்டியதுதான். ஆனால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதற்குக் காரணமான சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் வேலைக்கு வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். மழை விட்டு வானம் தெளிந்திருந்த ஒரு காலை நேரம், கிரேன் கால்களுக்குப் பெயின்ட் அடிக்க எல்லாம் தயார். கப்பல் வரப்போகிறது, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி. நான் போய் இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தேன். பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. கையை எடுத்தால் விரலில் ஈரம். இரும்பு வேர்த்துக்கொண்டிருந்தது. ஈரம் அளக்கிற கருவியும் அதையேதான் சொன்னது. அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ‘வெயிலு சுள்ளுன்னு அடிக்கி, இந்தம்மாவுக்கு மட்டும் மழை பெய்யுதோ’ என்று கத்தினார்கள். மத்தியானம் வரைக்கும் நான் அசையவில்லை. பக்கத்துத் தளத்தில் வேறொரு கூட்டம் அதே காலையில் தங்கள் கிரேனுக்கு அடித்து முடித்து, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். அது அடுத்த மாதமே வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அதிலிருந்து ‘டீச்சர் சரின்னா சரி’ என்று தளத்தில் ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. அந்தப் பேச்சு என் தலைக்கு ஏறிவிட்டது என்பது எனக்குப் பல வருடம் தெரியவில்லை.

இனி தூண்களின் கதை.

கப்பலிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் கன்வேயர் ஒன்று, அதைத் தாங்கி நிற்கும் நாற்பது தூண்கள். பழைய பெயின்ட் செதில் செதிலாகப் போய் இரும்பு வெளியே தெரிந்தது. முழுவதையும் வெறும் இரும்பு மின்னும்வரை சுரண்டி மறுபடி அடிக்கிற வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், ஒரு சைட் மேனேஜர், பரிசோதனைக்கு நான், வேலை செய்ய மிக்கேல் அண்ணாச்சியின் ஆட்கள் பன்னிரண்டு பேர். அண்ணாச்சி திரேஸ்புரத்துக்காரர். மீன்பிடி வள்ளங்களுக்கு வர்ணம் அடித்துப் பழகி அப்படியே இரும்புக்கு வந்தவர். அவருடைய ஆட்களில் ஸ்ப்ரே கன் பிடிக்கிறவர் சூசை. ஒல்லியான மனுசர், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை குடிப்பார் என்று ஊருக்கே தெரியும். வேலை நாளில் குடித்து நான் பார்த்தது கிடையாது.

சுரண்டி எடுத்த இரும்பில் உப்பு இருக்கிறதா என்று சோதித்தேன். வெள்ளி மாதிரி மின்னுகிற இரும்புதான், ஆனால் உப்பு கண்ணுக்குத் தெரியாது, மீட்டரில்தான் தெரியும். அளவுக்கு மேல் இருந்தது. பெயின்டுக்கு அடியில் உப்பு தங்கினால் அது ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல தண்ணீரால் எல்லாத் தூணையும் மேலிருந்து கீழ்வரை கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டேன். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். ‘நாலு நாளு போயிருமே மேடம்!’ போகட்டும் என்றேன். ஏரல் பக்கத்து ஆற்றோரக் கிணற்றிலிருந்து டேங்கர் லாரியில் தண்ணீர் வந்தது. முதல் லாரித் தண்ணீரை நானே மீட்டரில் பார்த்தேன், பிரமாதமாக இருந்தது. கழுவிய பிறகு ஒரு நாளைக்கு ஒரு தூணைச் சோதித்தால் போதும் என்பது ஒப்பந்தம். நாள்தோறும் காலையில் கழுவி முடித்த முதல் தூணைச் சோதித்தேன். எல்லா நாளும் சரியாகவே வந்தது. கையெழுத்துப் போட்டேன். சூசை மூன்று கோட்டும் அடித்து முடித்தார். நாற்பது தூணும் மாப்பிள்ளை மாதிரி நின்றன.

ஐப்பசி மழை வந்தது. மழை முடிந்து நான் போய்ப் பார்க்கும்போது ஐந்து தூண்களில் கொப்புளம்.

சைட் ஆபீசில் மேனேஜர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, படம் அனுப்பிய தம்பி என்னைக் கேட்ட அதே கேள்விதான். யார் தப்பு? நான் யோசித்தேன். என் தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. உப்பு சரி, ஈரம் சரி, பெயின்டின் கனம் சரி. அப்படியானால் நான் பார்க்காத நேரத்தில் யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும். சுரண்டிய இரும்பை வெறும் கையால் தொட்டால் வியர்வையில் உள்ள உப்பு ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்கும் தெரியும். கையுறை போடாமல் தூணில் சாய்ந்து நின்றிருப்பார்கள் என்று நினைத்தேன். ‘கை பட்ட இடங்களாக இருக்கலாம்’ என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது என் மனம் கொஞ்சம்கூட உறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் எழுதிய அந்த ‘இருக்கலாம்’ மேனேஜர் வாய்க்குப் போய் வேறு மாதிரி வெளியே வந்தது. மறுநாள் காலை எட்டு மணி, துறைமுக வாசலில் வேலைக்குப் போகிற கூட்டம் முழுக்க நிற்கிறது. மேனேஜர் சத்தமாகவே சொன்னார். “குடிச்சிட்டு வந்து கண்ட இடத்துல கைய வச்சு மொத்த வேலையையும் கெடுத்துட்டானுவ. சூசை, உன்னத்தான் சொல்லுதேன். எல்லாவனும் பாஸைக் கழட்டிக் குடு.” பன்னிரண்டு பேரும் கழுத்திலிருந்து பாஸைக் கழற்றிக் கொடுத்தார்கள். உங்களுக்குத் தெரியும், குடித்தான் என்று சொல்லிப் பாஸைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் எந்த ஒப்பந்தக்காரரும் அந்த ஆளை உள்ளே சேர்க்க மாட்டார். பன்னிரண்டு வீட்டு அடுப்பு. சூசை மட்டும் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். நான் ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு மேனேஜருக்குப் பக்கத்தில் நின்றேன்.

துறைமுகத் தரப்பில் எங்கள் வேலையை மேற்பார்த்த மூத்த இன்ஜினியர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்கு இதெல்லாம் பிடிக்காது. எதையும் காகிதத்தில் கேட்கிற மனுசர். ‘கொப்புளம் எந்தெந்த இடத்துல இருக்குன்னு படம் வரைஞ்சு குடுங்க’ என்றார். கொப்புளத்துக்குப் படமா, வெட்டி வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்றாம் நாள் போனேன். நின்றபடி வரைய முடியவில்லை, கொப்புளங்கள் கீழே இருந்தன. குத்தவைத்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் கண் திறந்தது. கொப்புளங்கள் முழங்கால் உயரத்தில்தான் அதிகம். இடுப்புக்கு மேலே போகப் போகக் குறைந்து, நெஞ்சு உயரத்தில் ஒன்றுகூட இல்லை. முழங்கால் உயரத்தில் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிற மனுசன் உலகத்தில் எங்கே இருக்கிறான்? அது மட்டுமில்லை, கொப்புளங்கள் சிதறிக் கிடக்கவும் இல்லை. மேலிருந்து தண்ணீர் வடிந்து கீழே தேங்கினால் எப்படித் தாரை விழுமோ அந்த வழியிலேயே வரிசையாக இறங்கியிருந்தன. கத்தி முனையால் ஒன்றைக் குத்தினேன். உள்ளே தண்ணீர். இதை நீங்கள் யாரும் செய்யாதீர்கள், நான் அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு கரித்தது.

வியர்வை தாரையாக வடியாது. தண்ணீர்தான் வடியும். தூண்களில் தண்ணீரை ஊற்றச் சொன்னவள் யார்?

ஆட்டோ பிடித்துத் திரேஸ்புரம் போனேன். மிக்கேல் அண்ணாச்சி கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

“என்ன டீச்சர், இங்கயும் வந்து பாஸ் வாங்கப் போறியளா? எங்கிட்ட இருக்கது இந்த பிரஷ்தான்.”

“அண்ணாச்சி, தூணைக் கழுவும்போது தண்ணில ஏதாவது வித்தியாசம் இருந்துச்சா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இப்பக் கேக்கியளா? நாந்தான் அன்னைக்கே சொன்னேனே. ரெண்டு நாளு மத்தியானம் வந்த வண்டித் தண்ணில டீ போட்டா பாலு திரிஞ்சு திரிஞ்சு போவுதுன்னு ஒங்ககிட்ட வந்து சொன்னேனா இல்லியா?”

சொன்னார். அவர் கேட்ட அந்த நொடியில் அப்படியே நினைவுக்கு வந்தது. ஆட்கள் மத்தியான டீயை டேங்கர் தண்ணீரில்தான் போடுவார்கள். அவர் கையில் திரிந்த டீ உள்ள டம்ளரோடு என்னிடம் வந்து, தண்ணி சரியில்ல போல டீச்சர் என்றார். நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னேன்.

“நீங்க என்ன சொன்னிய தெரியுமா?” என்றார் அண்ணாச்சி. “எனக்கு இரும்பைக் கழுவத்தான் தண்ணி வேணும், ஒங்களுக்கு டீக்கடை வைக்க இல்லன்னிய. பயலுவ எல்லாம் சிரிச்சானுவ. நானும் சிரிச்சிட்டுப் போயிட்டேன்.”

நானும் சிரித்தேன், அந்தப் பதிலை நினைத்து அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்கே ஒரு மிதப்பு இருந்தது. நம் ஊரில் உப்புத் தண்ணீரில் பால் திரியும் என்பது அடுப்படிக்குப் போன எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் வீட்டில் பால் திரிந்திருந்தால் அடுத்த நிமிடம் குடத்தை மாற்றியிருப்பேன். தளத்தில் மீட்டரைக் கையில் பிடித்ததும் அடுப்படியில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. மண்டைக்கனம்!

லாரி டிரைவரைத் தேடிப் பிடித்தேன். அவர் ஒளிக்கவே இல்லை. அந்த இரண்டு நாளும் ஏரல் கிணற்றில் மத்தியானம் கரண்ட் இல்லை, அதனால் உப்பளத்துப் பக்கம் இருந்த ஒரு கிணற்றில் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். “குடிக்கவாம்மா கேட்டிய? இரும்பைக் கழுவத்தானே! இரும்பு என்ன உப்பு கரிக்குன்னு துப்பவா போவுது?” என்றார். அவரை நான் என்ன சொல்ல முடியும்? காலையில் வந்தது நல்ல தண்ணீர், மத்தியானம் வந்தது உப்புத் தண்ணீர், நான் சோதித்ததோ காலையில் கழுவிய தூணை. அந்த இரண்டு மத்தியானத்தில் கழுவியவை பதினான்கு தூண்கள். உப்பைப் போக்கச் சொல்லி நானே உப்பை ஊற்றியிருந்தேன்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். கெட்ட மனுசர் இல்லை, பயந்த மனுசர். “மேடம், தாளு பூராவும் ஒங்க கையெழுத்து. இதைச் சொன்னா ஒங்க வேலையும் போவும், என் வேலையும் போவும். கொப்புளம் அஞ்சு தூணுலதானே? அதைச் சொரண்டிட்டு அடிச்சு விட்ருவோம். மத்த ஒம்போதும் நல்லாத்தானே நிக்கி? அவனுவள வேற எடத்துல நானே சேத்து விடுதேன்.”

பிள்ளைகளே, இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த ஒன்பது தூண்களும் உண்மையிலேயே அழகாக நின்றன. விரலால் தடவினால் கண்ணாடி மாதிரி இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று வருடம் யாருக்கும் தெரியாது. அதற்குள் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன், இன்ஜினியரும் மாறியிருப்பார், தூண் மட்டும் உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டு நிற்கும். அதன் மேலே கன்வேயர் ஓடும், கீழே ஆட்கள் நடப்பார்கள். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன். என் கணவர் என்னவென்று கேட்டார், சொன்னேன். ‘வேலை போனா போவட்டும், அக்கா பள்ளிக்கூடத்துல கிளார்க்கு வேலை காலியா இருக்கு’ என்றார். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் இன்ஜினியர் முன்னால் போய் நின்றேன். படத்தைக் கொடுத்தேன், கதை முழுவதையும் சொன்னேன். டீ திரிந்ததையும் நான் நக்கலாகப் பதில் சொன்னதையும் விடவில்லை. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை தூணு?”

“பதினாலு சார்.”

“கொப்புளம் அஞ்சுலதானே போட்டிருக்கீங்க?”

“மத்த ஒன்பதுலயும் உள்ள இருக்கு சார். இன்னும் வெளிய வரல.”

“நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“இந்த வருசம் தெரிஞ்சிருக்காது.”

அவர் என் பழைய அறிக்கையை என் பக்கம் தள்ளினார். காரணம் என்ற கட்டத்தில் ‘கை பட்ட இடங்களாக இருக்கலாம்’ என்று என் கையெழுத்தில் இருந்தது. அதை அடித்துவிட்டு, ‘மத்தியான லாரித் தண்ணீரைப் பரிசோதகர் சோதிக்கவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் என் பேரையும் எழுதினேன். எழுத்து நேராகவே வந்தது. முப்பத்து மூன்று வருடத்தில் நான் எழுதிய தாள்களில் எதைக் கேட்டாலும் பெருமையாகக் காட்டுவேன், முதலில் அதைக் காட்டுவேன். கம்பெனி எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. வேலையை விட்டுத் தூக்கவில்லை. பதினான்கு தூண்களையும் முதலிலிருந்து செய்யச் சொல்லி உத்தரவு வந்தது, பன்னிரண்டு பாஸும் திரும்பி வந்தன.

பாஸ்களை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வாங்கவே இல்லை.

“பாஸு கெடக்கட்டும் டீச்சர். எங்கள வாசல்ல வச்சுத்தானே குடிகாரப் பயலுவன்னு சொன்னிய? ஊரே கேட்டுச்சு. இப்ப நல்லவனுவன்னு மட்டும் எங் காதுல வந்து சொல்லுதிய. வாசல்ல வந்து சொல்லுங்க.”

“நான் சொல்லல அண்ணாச்சி, மேனேஜர்தான்...”

“நீங்க பக்கத்துல நின்னிய.”

மறுநாள் எட்டு மணிக்கு அதே வாசல், அதே கூட்டம். ஒரு கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டேன், இல்லாவிட்டால் யார் கண்ணிலும் பட மாட்டேன். ‘தூண் கெட்டது இவங்களால இல்ல. தண்ணியப் பாக்காம விட்டது நான். மிக்கேல் அண்ணாச்சி அன்னைக்கே சொன்னார், நான் கேக்கல. சூசை அண்ணன் குடிச்சிட்டு வரல’ என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. ஒருத்தர் பீடியைக் காலால் மிதித்து அணைத்தார். அண்ணாச்சி வந்து பாஸ்களை வாங்கி ஒவ்வொருத்தர் கழுத்திலும் தானே மாட்டிவிட்டார். “ஏலே, வாங்கல, வேலையைப் பாப்போம். எந்தத் தூணுல ஆரம்பிக்கணும் டீச்சர்?” என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் கண்ணில் நீர் முட்டிவிட்டது, ஹெல்மெட்டைச் சரிசெய்கிற மாதிரி மறைத்துக்கொண்டேன்.

சூசை மட்டும் நகரவில்லை. எல்லோரும் உள்ளே போன பிறகு பக்கத்தில் வந்தார். அவர் என்னிடம் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

“வாசல்ல சொன்னிய, சரி. எங்க வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுவியளா? அவ எங்கூடப் பேசி ஒரு வாரமாச்சு.”

சாயங்காலம் போனேன். அவர் மனைவி புஷ்பம் வாசலில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சூசை சொன்னதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் அரிவாள்மனைப் பக்கம் குனிந்துகொண்டாள். வாசலில் சொன்னதை அப்படியே அவளிடமும் சொன்னேன், பதினான்கு தூண்களையும் மறுபடி அடிக்கப் போவதையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்தாள்.

“அவுக குடிப்பாக டீச்சர். இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்” என்றாள். “குடிச்சா மறுநா பூரா கை வெடவெடன்னு ஆடும். சோத்தைக்கூடச் சிந்திச் சிந்தித்தான் திம்பாக. குடிச்சிருந்தா கையி ஆடாமலா தூணுக்கு அடிச்சிருப்பாக? ஊரு பூரா சொன்னதும் நானும் நம்பிட்டேன். ஆனா நீங்க படிச்சவுக. பெயின்டை அளந்து பாக்கது ஒங்க வேலைதானே? அளந்தியல்ல, அதுல ஆடுன கை தெரிஞ்சிச்சா?”

எனக்குச் சவுக்கால் அடித்த மாதிரி இருந்தது. நான் அளந்திருந்தேன். எல்லாத் தூணிலும் பல இடங்களில் பெயின்டின் கனத்தை அளந்து நோட்டில் எழுதியிருந்தேன். அந்த நோட்டு அப்போதும் என் பையில்தான் இருந்தது. கை ஆடினால் ஓர் இடத்தில் கனம் ஏறும், இன்னோர் இடத்தில் இறங்கும். சூசை அடித்ததில் அப்படி ஓர் எண்கூட இல்லை. நான் கையெழுத்துப் போட்ட வேலைகளிலேயே அவ்வளவு சீராக வந்தது அதுதான். அவரைக் குடிகாரர் என்று சொன்ன அன்றைக்கும் அந்த எண்கள் என்னிடம் இருந்தன.

“தெரியல புஷ்பம்” என்றேன். “கொஞ்சம்கூட ஆடல.”

“எழுதி வச்சிருக்கியளா?”

“வச்சிருக்கேன்.”

அவள் செம்பில் தண்ணீர் எடுத்துக் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து எனக்குப் போட்டாள். சூசை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார்.

“வாசிங்க” என்றாள்.

நோட்டைத் திறந்தேன். அந்தப் பதினான்கில் முதல் தூணின் எண்களை வாசித்தேன், எல்லாம் மைக்ரான் கணக்கு. இருநூற்று ஐம்பது, இருநூற்று நாற்பத்தொன்பது, இருநூற்று ஐம்பத்தொன்று, இருநூற்று ஐம்பது.

“அது நல்லதா டீச்சர்?”

“இதைவிட நல்லா அடிக்க இந்தக் கரையில ஆளு கெடையாது.”

அவள் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் காது இங்கேதான் இருந்தது.

“பதினாலையும் வாசிங்க” என்றாள்.

பதினான்கையும் வாசித்தேன்.